வேரின் விண்ணப்பம்

மல்லாட்டைக் கொல்லை மஞ்சள் பூத்துக் கிடந்தது. பூத்தது என்றதும் மலர்ச்சி என்று எண்ணிவிட வேண்டா. நெடுநாள் நோயாளியின் முகத்தில் ஒரு வெளிறல் பூக்குமே, அந்தப் பூப்பு! பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நாம் ஆசிரியப் பணி புரியும் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் இருக்கிறது அந்தக் கொல்லை. நாள்தோறும் அதைக் கடந்து சென்றோம். நாள்தோறும் மஞ்சள் ஏறிக்கொண்டே வந்தது. கொல்லையின் நடுவே ஒரு கொம்பு. கொம்பின் தலையில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டி. ஊரார் கண்ணையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு பயிரைக் காக்கும் வேலை அந்தச் சட்டிக்கு. வேலையை அது ஒழுங்காகப் பார்க்கவில்லை போலும்!

“யார் கண் பட்டதோ, வாத்தியாரய்யா! போன பட்டத்தில் கருகருவென்று நின்ற கொல்லை இது. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட கிடாவைக் கொடுக்காமல் தள்ளிப்போட்டோம். அவள் சும்மா இருப்பாளா?” என்றார் கொல்லைக்குரிய பெரியவர்.

நாம் சிரித்தோம். பகுத்தறிவாளர் என்ற பட்டயத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் அல்லவா நாம்! “கண் பட்டால் இலை மஞ்சளாகுமா, பெரியவரே? கிடா வெட்டினால் பச்சையாகுமா?” என்று கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. “சரி, கண்ணும் இல்லை, அம்மனும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னே எதனால் மஞ்சளாயிற்று? அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்” என்றார்.

வாயடைத்து நின்றோம். நாம் பெற்றது இலக்கியப் பட்டம். முல்லைக்கும் மருதத்துக்கும் கருப்பொருள் சொல்வோம். மல்லாட்டையின் மஞ்சளுக்குக் காரணம் சொல்ல அறியோம். ‘இதனால் அன்று’ என்று சொல்ல நாவு இருந்தது. ‘இதனால்தான்’ என்று சொல்ல அறிவு இல்லை. பெரியவரிடம் ஒரு விடையாவது இருந்தது, அது தவறான விடை என்றாலும். நம்மிடம் இருந்ததோ சிரிப்பு மட்டும்!

அதே கிழமையில் வகுப்பறையிலும் ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. மேசை மேல் வைத்த சுண்ணக்கட்டிகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தன. “அவள்தான் எடுக்கிறாள், ஐயா! எடுத்துத் தின்கிறாள்!” என்று பிள்ளைகள் முறையிட்டனர். முன்னரே அவள்மீது நமக்கு மனக்குறை உண்டு. உச்சிப்போது கடந்தால் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். ஓடச் சொன்னால் நான்கடி ஓடி மூச்சிரைக்க நின்றுவிடுவாள். கேட்ட கேள்விக்கு விடை வராது; திரும்பக் கேட்டால் கண்ணீர் வரும். வீட்டில் பாட்டி, காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருந்தாள். ஆசிரியர் அறையில் ஒருவர், “அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் வரும், வழிவழியாக வரும் மந்தம்” என்றார். அந்தச் சொல் கேட்டு நாம் கொதித்தோம். பிறப்பிலே மந்தம் ஏது என்று வாதிட்டோம். வாதிட்டுவிட்டு, வகுப்புக்குச் சென்று, அந்தச் சிறுமியை எழுப்பி நிறுத்தி, “சோம்பல், அதன்மேல் திருட்டு, அதன்மேல் பிடிவாதம்!” என்று தீர்ப்புக் கூறினோம்.

பெரியவர் கண்ணேறு என்றார். பாட்டி காத்துக் கருப்பு என்றாள். உடன் பணியாற்றுகிறவர் பிறப்பு என்றார். நாம் குணக்கேடு என்றோம். நால்வரும் தீர்ப்புச் சொன்னோம்; நால்வருள் ஒருவரும் காரணம் தேடவில்லை. இதை நாம் உணர்ந்தது அன்று அன்று; பத்து நாள் கழித்து.

உணர்த்தியவர் அந்தப் பக்கத்து உதவி வேளாண்மை அலுவலர். பெரியவரின் மகன் சொல்லியனுப்பி வந்தார். கொல்லையில் இறங்கினார், சட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி, “எந்த இலை மஞ்சள், எந்த இலை பச்சை, பாருங்கள்” என்றார். பார்த்தோம். நாள்தோறும் கடந்து சென்ற கண்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தன. கீழே இருந்த முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன. உச்சியில் இருந்த இளங்கொழுந்துகளே வெளிறியிருந்தன. அவற்றிலும் நரம்புகள் பச்சை, நரம்புகளுக்கு இடைப்பட்ட பரப்பே மஞ்சள்.

“தழைச்சத்துக் குறைந்திருந்தால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். செடி அதைப் பழைய இலையிலிருந்து பிரித்தெடுத்துப் புதிய இலைக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி இடம் பெயராது. பழைய இலையில் சேர்ந்தது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆதலால் கொழுந்துதான் பட்டினி கிடக்கும். இது இரும்புக் குறை” என்றார். பிறகு மண்ணைக் கிளறி வெண்ணிறச் சுக்கான் கல் ஒன்றை எடுத்து, தம்மிடமிருந்த அமிலத்தில் சில துளி விட்டார்; நுரைத்துப் பொங்கியது. “மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறது. சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் கட்டிப் போட்டிருக்கிறது” என்றார்.

மருந்து? கடைத்தெருவில் கிடைக்கும் அன்னபேதி! லிட்டர் நீருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொன்னார். ஆனால் ஓர் ஓரத்தில் நான்கு வரிசையை மட்டும் தெளிக்காமல் விட்டுவைக்கச் சொன்னார். ஏன் என்று பெரியவர் கேட்டதற்கு, “அப்புறம் தெரியும்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

மறுநாள் அந்தச் சிறுமி மறுபடி அகப்பட்டாள். “கையை நீட்டு” என்றோம், சுண்ணத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று காண. நீட்டினாள். உள்ளங்கை வெளுத்திருந்தது. “துடை” என்றோம். பாவாடையில் துடைத்துவிட்டு மீண்டும் நீட்டினாள். வெளுப்பு அப்படியே இருந்தது. அது சுண்ணத்தூளின் வெண்மை அன்று, குருதியற்ற வெண்மை. நகங்களைப் பார்த்தோம், கீழ் இமையை இழுத்துப் பார்த்தோம். கொல்லையில் கண்ட கொழுந்தையே கண்டோம்.

நாம் எந்தப் பாடம் நடத்துகிறவர்? தமிழ்! அகப்பாட்டில் வரும் பசலைக்கு எத்தனை வகுப்புகளில் எத்தனை விளக்கம் உரைத்திருக்கிறோம்! தலைவன் பிரிந்தான், தலைவி மேனியில் பசலை படர்ந்தது என்று நெஞ்சுருகப் பேசியிருக்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏட்டில் படர்ந்த பசலை நம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டடிக்கு எதிரே அமர்ந்திருந்த குழந்தையின் மேனியில் படர்ந்த பசலை தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாயையும் மகளையும் அழைத்துச் சென்றோம். ஈமோகுளோபின் அளவு 8 கிராமை எட்டவில்லை. அந்த வயதில் 11.5 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்றார் மருத்துவர். சுண்ணக்கட்டியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. இரும்புச் சத்துக் குன்றியவர்களுள் சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி, சுண்ணக்கட்டி போன்றவற்றைத் தின்னும் அடங்கா வேட்கை எழுவதுண்டு. அது திருட்டும் அன்று, திமிரும் அன்று, நோயின் அடையாளம் என்றார். உடல் தனக்குத் தெரிந்த மொழியில் முறையிட்டிருக்கிறது. அந்த முறையீட்டைத்தான் குற்றப்பத்திரிகையாக நாம் படித்திருக்கிறோம்!

அன்று இரவு உறக்கம் வரவில்லை. அதன்பின் பல நாள் நூல்களைத் தேடினோம். கல்லூரியில் விட்டதை நூலகத்தில் பிடிக்க முயன்றோம். செடி தன் பசியை எவ்வாறு அறிகிறது என்னும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றவர்க்கு, அங்கே ஓர் உலகமே விரிந்தது. இளைஞர்கள் அறிய வேண்டும் என்பதால் அதனைச் சுருக்கி உரைக்கிறோம்.

பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. இருந்தும் செடிக்கு இரும்புப் பஞ்சம்! இருப்பது வேறு, கிட்டுவது வேறு. பச்சையத்தின் நடுவே இருப்பது மக்னீசியமே. எனினும் அந்தப் பச்சையத்தை ஆக்கும் பட்டறையில் இரும்பு இன்றி வேலை நடவாது. மனிதக் குருதியின் செம்மையிலோ இரும்பு நடுவிலேயே வீற்றிருக்கிறது. 1840களில் பிரான்சு நாட்டில் கிரிஸ் என்னும் அறிஞர், வெளிறிய திராட்சை இலைகளுக்கு இரும்பு உப்புக் கரைசல் இட்டுப் பசுமையை மீட்டுக் காட்டினார். நம் பெரியவரின் கொல்லைக்கு வந்த மருத்துவம் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அறியப்பட்ட மருத்துவம் என்பதை எண்ணுங்கள். மருந்து கண்டறியப்படுவதற்கும் மருந்து வந்து சேர்வதற்கும் இடையில் எத்தனை சட்டிகள், எத்தனை கிடாக்கள்!

நாம் அன்னபேதி கரைக்கும்வரை செடி சும்மா இருந்ததா என்றால், இல்லை. இலை மஞ்சளாகி நம் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னரே செடி தன் பசியை உணர்ந்து செயலில் இறங்கிவிடுகிறது. நிலக்கடலை போன்ற செடிகளின் வேர் மூன்று செயல் புரிகிறது. அமிலத்தன்மையைச் சுரந்து, கட்டுண்ட இரும்பைக் கரைக்க முயல்கிறது. வேரின் மேல்தோலில் உள்ள நொதியால் துரு வடிவில் இருக்கும் இரும்பை, உட்கொள்ளத்தக்க வடிவாக மாற்றுகிறது. அவ்விரும்பை உள்ளே விடும் வாயில்களைப் பெருக்கிக்கொள்கிறது. சுக்கான் மண்ணோ சுரந்த அமிலத்தை அவ்வப்போதே விழுங்கிவிடுகிறது. போராடித் தோற்ற பிறகே இலை வெளிறுகிறது. மஞ்சள் என்பது பசியின் தொடக்கம் அன்று. பசியோடு பொருதியவன் சோர்ந்து விழுந்த நிலை.

நெல், சோளம், மக்காச்சோளம், வாற்கோதுமை ஆகிய புல்லினப் பயிர்களின் வழி வேறு. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை அவை மண்ணில் உமிழ்ந்து, இரும்போடு சேர்த்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ஜப்பானிய அறிஞர் தகாகி 1976இல் இதனை வெளியிட்டார். சீனத்தின் சுண்ணாம்பு நிலங்களில் நிலக்கடலையைத் தனியே விதைத்தால் வெளிறுவதையும், மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக விதைத்தால் பசுமை கூடுவதையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிஞர்கள் எழுதினர். அண்டையில் நிற்கும் மக்காச்சோளம் உமிழும் பொருள் கடலைக்கும் பயன்படுகிறதாம்.

வேரை இவ்வாறு வேலை வாங்குவது யார்? மண்ணில் இருக்கும் வேருக்கு, விண்ணோக்கி நிற்கும் கொழுந்தின் பசி எவ்வாறு தெரியும்? 1996இல் அமெரிக்காவில் பட்டாணிச் செடியைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. மரபுக் குறையுள்ள ஒரு பட்டாணி வகை, இலையில் இரும்பு நிரம்பி நஞ்சாகும் அளவுக்குச் சேர்ந்த பின்னும், மேலும் மேலும் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதன் தண்டை நலமுள்ள செடியின் வேர்மீது ஒட்டுக் கட்டினர். நலமுள்ள வேரும் பட்டினி கிடக்கும் வேர்போல் ஓயாது உழைக்கத் தொடங்கிற்று! பிழை வேரில் இல்லை; மேலிருந்து வந்த செய்தியில் இருந்தது. தண்டு ‘இல்லை, இல்லை’ என்றது. வேர் நம்பி உழைத்தது. இத்தகைய செய்தியில் பங்கு கொள்வனவாகக் கருதப்படும் சிறு பெப்டைடுகளின் ஒரு குடும்பத்தை 2018இல் அறிவியலார் இனங்கண்டு, ‘அயர்ன் மேன்’ என்று பெயரிட்டுள்ளனர்.

மேலிருந்து கீழே செய்தி செல்லும் என்றால், கீழிருந்து மேலே செல்லாதா? செல்லும். அதுவே நம்மைப் பெரிதும் கவர்ந்த பகுதி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மத்சுபயாஷி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்துச் சிறு செடி. அதன் வேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றுக்கு நைட்ரேட் என்னும் தழைச்சத்து உணவு கொடுத்தனர். மறு கூற்றைப் பட்டினி போட்டனர். பட்டினி கிடந்த கூறு 15 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னஞ்சிறு பெப்டைடை ஆக்கி, நீர் மேலேறும் சைலம் குழாய் வழியே இலைக்கு அனுப்பிற்று. அதைப் பெற்றுக்கொள்வதற்கென்றே மேலே ஏற்பிகள் இருந்தன. வேர் விடுத்த விண்ணப்பம் இலையின் கைக்குச் சேர்ந்தது.

விண்ணப்பத்துக்கு விடை என்ன? 2017இல் அக்குழுவினரே அதையும் கண்டனர். இலையிலிருந்து வேறு இரு சிறு புரதங்கள் புளோயம் குழாய் வழியே கீழிறங்குகின்றன. இரு கூறு வேர்களுக்கும் அவை செல்கின்றன. ஆனால் நைட்ரேட் இருக்கும் பக்கத்து வேரில்தான் உறிஞ்சும் வாயில்கள் பெருகுகின்றன. இல்லாத இடத்தில் வீண்முயற்சி இல்லை. இருக்கும் இடத்தில் இரட்டை உழைப்பு. ஒரு வேரின் பசிக்கு மறு வேர் உழைக்கிறது!

படித்ததும் நாம் துள்ளினோம். எழுதுகோலை எடுத்தோம். ‘காண்மின், இதுவன்றோ சமதர்மம்! அடிவேரின் குரலைத் தலையில் உள்ள இலை கேட்கிறது. உள்ள இடம் இல்லாத இடத்துக்கு ஈகிறது. செடிக்குத் தெரிந்தது சீமான்களுக்குத் தெரியவில்லையே!’ என்று பக்கம் பக்கமாக எழுதினோம். எழுதியதை மறுநாள் படித்தோம். கிழித்தெறிந்தோம்.

ஏன்? உடலைக் காட்டிச் சமூகத்துக்குச் சட்டம் எழுதிய வேலையை நமக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். முகத்தில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், பாதத்தில் ஒருவன் பிறந்தான் என்று உரைத்தது புருட சூக்தம். பாதம் தலையாக முடியுமா என்று கேட்டே எத்தனை தலைமுறையைப் பாதத்தில் கிடத்தினர்! இயற்கை இப்படி, ஆதலால் மனிதனும் இப்படி என்பதே அவர்கள் கையாண்ட வாதம். அதே வாதத்தை நமக்கு ஏற்றவாறு திருப்பிப் பிடித்தால் அது பகுத்தறிவு ஆகிவிடுமா? செடியிடம் அறம் கற்பதாயின் முழுதும் கற்க வேண்டும். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலையைக் கறந்தெடுத்து உதிர்த்துவிடுகிறது செடி. நாமும் முதியோரை உதிர்த்துவிடுவதா? வேரின் பெப்டைடு இரக்கம் வேண்டி எழுதிய மடல் அன்று. இலையின் விடை கருணையும் அன்று. நெடுங்காலப் பரிணாமத்தில் அவ்வாறு செயற்பட்ட செடி பிழைத்தது, பெருகியது, அவ்வளவே. ‘விண்ணப்பம்’ என்பதும் நாம் இட்ட பெயரே.

செடிக்கு மனம் உண்டு, அது மனிதர் எண்ணத்தை அறியும் என்று கதை கட்டுவோரும் உளர். 1966இல் அமெரிக்காவில் பாக்ஸ்டர் என்பவர், பொய்யறியும் கருவியைச் செடியின் இலையில் பொருத்தி, நாம் தீங்கு நினைத்தாலே அது துடிக்கிறது என்றார். பிற உயிர் சாகும்போதும் துடிக்கிறது என்றார். நூல்கள் குவிந்தன, நம்பிக்கையாளர் மகிழ்ந்தனர். 1975இல் பிற அறிஞர்கள் கட்டுப்பாட்டுடன் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தபோது துடிப்பு ஏதும் தென்படவில்லை. புதுமை விளக்காகத் தோன்றுவதெல்லாம் அறிவியல் ஆகிவிடாது. செய்தி பரிமாறச் சிந்தனை தேவை இல்லை. ஏற்பியும் வேதியியலும் போதும். உண்மையின் விந்தை போதாதென்று பொய்யின் விந்தையைத் தேடுவானேன்?

அப்படியானால் செடியிடம் கற்க ஒன்றும் இல்லையா? இருக்கிறது; அறத்தை அன்று, ஆராயும் முறையை. பசிக்குக் காரணம் உண்டு. காரணத்துக்கு அடையாளம் உண்டு. கொழுந்து வெளிறினால் ஒரு பொருள், முதிர்ந்த இலை வெளிறினால் வேறு பொருள். அடையாளத்தைப் படிக்கக் கற்றவனுக்குத் தலைவிதி என்ற சொல் தேவைப்படாது. கற்காதவனுக்கோ அந்தச் சொல்லை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மேலும் ஒன்று: செடியில் விண்ணப்பமும் விடையும் தாமே நடக்கின்றன. மனிதக் கூட்டத்தில் தாமே நடப்பதில்லை. யாரோ ஒருவர் கேட்க வேண்டும். யாரோ ஒருவர் செய்ய வேண்டும். ஆதலால்தான் செடிக்கு இல்லாத பொறுப்பு நமக்கு இருக்கிறது.

நம் நாட்டில் அப்படிக் கேட்டவர் இல்லாமல் இல்லை. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்க முடிவு செய்தது. பசித்த பிள்ளை படிக்காது என்ற எளிய உண்மையை ஆட்சி மன்றத்தில் ஏற்றுக்கொண்ட நாள் அது. 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு பரவிற்று. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. நம் வகுப்புச் சிறுமியும் அந்தச் சோற்றை உண்டவள்தான். வயிறு நிறைந்தது, குருதி நிறையவில்லை. மண்ணில் இரும்பு இருந்தும் கொழுந்துக்குக் கிட்டாததுபோல, வயிறு நிறைந்தவர் குருதியிலும் குறை இருக்கக் கூடும். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இத்தனை பேருக்குமா காத்துக் கருப்பு அண்டிற்று? இத்தனை பேருமா சோம்பேறிகள்?

சிறுமிக்கு இரும்பு மாத்திரை கொடுத்தனர். குடற்புழு நீக்கும் மருந்தும் கொடுத்தனர். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலில் ஏறிக் குருதி உறிஞ்சும் என்று விளக்கி, செருப்பு அணியச் சொன்னார் செவிலியர். கீரையும் பயறும் சேர்க்கச் சொன்னார். உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்றார். சுண்ணச்சத்தும் அவ்வாறே தடுக்கும் என்றார். சுக்கான் மண் நினைவுக்கு வந்தது. பாட்டி கட்டிய தாயத்தை நாம் அறுக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து மருத்துவமனைச் சீட்டைப் பாட்டியே கொண்டுவந்து காட்டினாள். அளவு 11 கிராமை நெருங்கியிருந்தது. கையில் தாயத்து இல்லை. கேட்கவில்லை நாம், சொல்லவுமில்லை அவள்.

சிறுமி கணக்கில் இன்னும் பின்தங்கியே இருக்கிறாள். இழந்த மாதங்கள் மாத்திரையில் மீளுமா? மாலையில் அரைமணி அமர்ந்து கற்பிக்கிறோம். முதல் நாள் அவளிடம், “உன்னைத் திருடி என்றது எங்கள் தவறு” என்றோம். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அந்தத் தலையசைப்பு நம்மை மன்னித்ததா என்று இன்றளவும் தெரியவில்லை.

கொல்லை என்னவாயிற்று? பத்து நாளில் தெளித்த இடமெல்லாம் பச்சை திரும்பிற்று. அந்தக் கிழமையிலேயே கிடாவும் வெட்டியிருந்தார்கள். “அன்னபேதிக்கு எட்டணா, அம்மனுக்கு எட்டணா, வாத்தியாரய்யா!” என்று புகழைப் பங்கிட்டார் பெரியவர். நாம் இம்முறை சிரிக்கவில்லை. ஓரத்தில் தெளிக்காது விட்ட நான்கு வரிசையைக் கை காட்டினோம். அவை மட்டும் மஞ்சளாகவே நின்றன. அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “கிடா கொல்லை முழுதுக்கும்தானே வெட்டினோம். அந்த நாலு வரிசையை மட்டும் அவள் மறந்துவிட்டாளா?” எந்த மேடையிலும் அதைவிடச் சிறந்த பகுத்தறிவுச் சொற்பொழிவை நாம் கேட்டதில்லை. மறுநாள் அந்த நான்கு வரிசைக்கும் அவரே கரைத்துத் தெளித்தார்.

சட்டியை உடைக்கக் கிளம்பும் தோழர்களே! உடையுங்கள். ஆனால் போகும்போது காரணத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சட்டி உடைந்த இடம் வெற்றிடமாக இருந்தால் நாளை இன்னொரு சட்டி வந்து அமரும். பிறரது மூடநம்பிக்கையைத் தேடிச் செல்லும் முன் நம்முடையதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். காரணம் தேடாமல் சொல்லும் தீர்ப்பு, அம்மன் பெயரால் வந்தாலும், ஒழுங்கின் பெயரால் வந்தாலும், ஆசிரியர் வாயிலிருந்தே வந்தாலும், மூடநம்பிக்கைதான். இப்போது நாம் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கும்போது, ‘உள்ளேன் ஐயா’ என்ற குரலோடு நிறுத்திக்கொள்வதில்லை. தலை நிமிர்ந்து ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறோம். வெளிறிய முகம் ஒன்று கண்ணில் பட்டால், ஏடு மூடிவிட்டு எழுந்து செல்கிறோம்.